உப்பைக் குவித்து வைக்கலாம். உழைப்பைக் குவித்து வைக்க முடியுமா?

(மரக்காணத்தில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



நாம் கூடியிருக்கும் இந்த ஊரைச் சுற்றிலும் உப்பளங்கள். தமிழ்நாட்டு உப்பைப் பற்றிப் பேசினால் தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று வரிசை சொல்வார்கள். தை பிறந்ததும் பாத்திகளைச் சீர் செய்கிறார்கள். வெயில் ஏற ஏற உப்பு வாருகிறார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் அளம் முழுவதும் தண்ணீர்தான். அத்துடன் அந்த ஆண்டின் வேலை முடிந்தது.

ஆனால் மழைக்கு முன் வாரிய உப்பு என்ன ஆகிறது? மேட்டில் அம்பாரமாகக் குவித்து, கீற்றோ தார்ப்பாயோ போர்த்தி வைக்கிறார்கள். இன்று விலை இல்லையென்றால் நாளை விற்கலாம். இந்த மாதம் லாரி வரவில்லையென்றால் அடுத்த மாதம் ஏற்றலாம். சேதாரம் இருக்கும், முழு நட்டம் இருக்காது.

இந்த ஊர் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பாருங்கள். வடக்கே மாமல்லபுரம், சென்னை. தெற்கே ஆரோவில், புதுச்சேரி. வழி நெடுக விடுதிகள், உணவகங்கள், வாடகைக் கார்கள். ஒரு விடுதியில் நேற்று இரவு பத்து அறைகள் காலியாகக் கிடந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து அறைகளின் நேற்றைய இரவை யாராவது குவித்து வைத்து நாளை விற்க முடியுமா? விமானத்தில் காலியாகப் பறந்த இருக்கையை மறுநாள் விற்க முடியுமா? துபாயில் வேலையில்லாமல் அறையில் முடங்கிக் கிடந்த கொத்தனாரின் ஒரு நாள் உழைப்பை மறுநாள் சேர்த்து வாங்குவார் உண்டா?

கிடையாது! போனது போனதுதான். சரக்குக்கும் சேவைக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுதான். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2020-ஆம் ஆண்டு வந்த கொரோனா நமக்குக் காட்டிவிட்டுப் போனது. அது காட்டிய பாடத்தை நாம் படித்தோமா என்பதுதான் என் கேள்வி.

சேவை வணிகம் என்றால் என்ன?

ஏற்றுமதி என்றதும் நமக்குத் தோல், துணி, மீன், வெங்காயம்தான் நினைவுக்கு வரும். கண்ணுக்குத் தெரியும் பொருள், கப்பலில் ஏறும் பெட்டி. ஆனால் இன்று இந்தியா வெளிநாட்டுப் பணம் ஈட்டும் வழிகளில் கண்ணுக்குத் தெரியாத ஏற்றுமதி மிகப் பெரியது. 2019-20-இல் நம் நாட்டின் சரக்கு ஏற்றுமதி சுமார் 31,300 கோடி டாலர். சேவை ஏற்றுமதி சுமார் 21,300 கோடி டாலர்.

1995-இல் உலக வணிக அமைப்பு தொடங்கியபோது சேவைகளுக்கென்று தனியாக ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. காட்ஸ் என்று அதைச் சொல்வார்கள். ஒரு சேவை நாட்டின் எல்லையைத் தாண்ட நான்கு வழிகள் உண்டு என்று அது பிரித்துச் சொல்கிறது. சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நம் வீட்டு எடுத்துக்காட்டுகளையே பார்ப்போம்.

முதல் வழி: சேவை மட்டும் எல்லை தாண்டும், ஆள் தாண்டுவதில்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கம்பெனிக்குக் கணக்கு எழுதும் பையன் செய்வது இதுதான்.

இரண்டாம் வழி: வாங்குபவர் எல்லை தாண்டி வருகிறார். புதுச்சேரியில் வந்து தங்கும் பிரெஞ்சுக்காரர், சென்னைக்கு அறுவைச் சிகிச்சைக்கு வரும் வங்கதேச நோயாளி. இவர்கள் இங்கே செலவழிக்கும் பணம் இந்தியாவின் சேவை ஏற்றுமதி. இதையே திருப்பிப் பாருங்கள். நம்மவர்கள் உம்ராவுக்குப் போய் மக்காவில் விடுதிக்கும் பேருந்துக்கும் கொடுக்கும் பணம் இந்தியாவின் சேவை இறக்குமதி.

மூன்றாம் வழி: நிறுவனமே எல்லை தாண்டி வந்து கிளை திறக்கிறது. வெளிநாட்டு வங்கி சென்னையில் கடை போடுவது இதற்கு எடுத்துக்காட்டு.

நான்காம் வழி: உழைப்பவர் எல்லை தாண்டிப் போகிறார். ஒப்பந்தத்தில் அமெரிக்கா போகும் பொறியாளர் இந்தக் கணக்கில் வருவார். வளைகுடாவில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் நம் சபுராளிகள் அனுப்பும் பணத்தை அரசாங்கப் புள்ளிவிவரத்தில் தனியாக எழுதுகிறார்கள். ஆனால் வீட்டுக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்: எல்லை தாண்டிப் போய் உழைப்பை விற்கிறோம்.

இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வழியும் நான்காம் வழியும் மனித உடல் பயணம் போனால்தான் நடக்கும். முதல் வழிக்குக் கம்பி போதும். தொற்றுநோய்க்கு மனித உடல்தான் வாகனம். ஆகவே நோய் வந்ததும் உலகம் முழுவதும் முதலில் அடைக்கப்பட்ட கதவு, உடல் போகும் கதவு!

கதவுகள் அடைக்கப்பட்ட கதை

2019 அக்டோபரில் சீன அதிபரும் இந்தியப் பிரதமரும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். உலகத்துக் கேமராக்கள் எல்லாம் இந்தக் கடற்கரையின் பக்கம் திரும்பின. இனி வெளிநாட்டுப் பயணிகள் குவிவார்கள் என்று கடைக்காரர்கள் நம்பினார்கள். ஐந்தே மாதங்கள்தான். 2020 மார்ச் 17-ஆம் தேதி தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்கள் நாடெங்கும் மூடப்பட்டன.

தேதிகளை வரிசையாகப் பாருங்கள். பிப்ரவரி 27: வெளிநாட்டவர் உம்ராவுக்கு வருவதைச் சவூதி அரசு நிறுத்தியது. மார்ச் 11: உலக சுகாதார நிறுவனம் இதை உலகத் தொற்று என்று அறிவித்தது. அன்றே இந்தியா, ஏறத்தாழ எல்லா வெளிநாட்டு விசாக்களையும் நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. மார்ச் 22: பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றன. மார்ச் 24 இரவு: நாடு தழுவிய ஊரடங்கு.

இடையில் சிறப்பு விமானங்கள், நாடுகளுக்கிடையேயான தனி ஏற்பாடுகள் என்று சில ஓடின. ஆனால் வழக்கமான பன்னாட்டு விமானச் சேவை முழுமையாகத் திரும்பியது எப்போது தெரியுமா? 2022 மார்ச் 27. இரண்டு முழு ஆண்டுகள்! இரண்டு ஆண்டுகள் கடை மூடிக் கிடந்தால் எந்த வணிகன் தாங்குவான்?

2019-இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1 கோடியே 9 லட்சம் பேர். 2020-இல் 27 லட்சம். அதிலும் பெரும்பாலோர் மார்ச்சுக்கு முன் வந்தவர்கள். 2021-இல் சுமார் 15 லட்சம். சுற்றுலாவில் வந்த அந்நியச் செலாவணி 2019-இல் 2 லட்சத்து 11 ஆயிரம் கோடி ரூபாய். 2020-இல் சுமார் 50 ஆயிரம் கோடி ரூபாய். நான்கில் மூன்று பங்கு போயிற்று.

மருத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்காக இந்தியா வந்த வெளிநாட்டவர் 2019-இல் ஏறத்தாழ 7 லட்சம் பேர். 2020-இல் 1 லட்சத்து 83 ஆயிரம். நோய் உலகமெங்கும் பெருகிய ஆண்டில் மருத்துவத்துக்கு வருவோர் குறைந்தார்கள்! சென்னை கிரீம்ஸ் சாலையைச் சுற்றியுள்ள விடுதிகளையும் சிற்றுண்டிக் கடைகளையும் நினைத்துப் பாருங்கள். வங்க எழுத்திலும் அரபு எழுத்திலும் பெயர்ப் பலகை மாட்டி வைத்த இடங்கள் அவை. மருத்துவமனைக்கு உள்ளூர் நோயாளியாவது வருவார். அந்த விடுதிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் யார் வருவார்?

உம்ராவையும் ஹஜ்ஜையும் நடத்திக் கொடுக்கும் நம் பயண நிறுவனங்களின் கதி நீங்கள் அறிந்ததே. ரமளானை எதிர்பார்த்து விமானத்துக்கும் விடுதிக்கும் முன்பணம் கட்டியிருந்தவர்கள், கட்டிய பணம் அங்கே, கேட்கும் பயணி இங்கே என்று நடுவில் மாட்டிக்கொண்டார்கள். 2020-இல் இந்தியாவிலிருந்து ஹஜ் இல்லை. கட்டிய பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்று அந்த ஜூன் மாதம் மத்திய அரசு அறிவித்தது. 2021-இல் சவூதியில் வசித்த 60 ஆயிரம் பேருக்கு மட்டுமே ஹஜ். 2022-இல்தான் நம்மவர்கள் மீண்டும் போனார்கள். 2019-இல் 2 லட்சமாக இருந்த இந்தியப் பங்கு அந்த ஆண்டு 79 ஆயிரம் மட்டுமே.

உடலால் உழைக்கப் போனவர்கள் நிலை இன்னும் கொடுமை. மே 7-ஆம் தேதிதான் வந்தே பாரத் திட்டத்தின் முதல் விமானங்கள் அபுதாபியிலிருந்தும் துபாயிலிருந்தும் கேரளம் வந்தன. பெரும்பாலோர் பயணச்சீட்டுக்குச் சொந்தப் பணம் கட்டித்தான் வந்தார்கள். கடற்படைக் கப்பல் ஜலஷ்வா கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் நம்மவர்களைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. ஈரானில் தவித்துக்கிடந்த தமிழக மீனவர்கள் ஜூலை 1-ஆம் தேதிதான் அதே கப்பலில் தூத்துக்குடி வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் எத்தனை பேர் வாங்க வேண்டிய சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார்கள்! பணிக்கொடை போனது, விசா போனது, திரும்பிப் போனபோது வேலையும் போயிருந்தது.

கடலில் இருந்தவர்களோ கரையேற முடியவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் கப்பலை விட்டு இறங்க முடியாமல் இருந்த மாலுமிகள் உலகம் முழுவதும் ஒரு கட்டத்தில் சுமார் 4 லட்சம் பேர் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு சொன்னது.

சரக்கு வணிகரே, எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிடாதீர்கள்! ஆம்பூர், வாணியம்பாடித் தோல் சரக்கு கப்பலில்தான் போகிறது. அந்தக் கப்பல் பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனியுடையது. நாம் கொடுக்கும் கப்பல் கூலி இந்தியாவின் சேவை இறக்குமதி. 2021-இல் கண்டெய்னர் கிடைக்காமல் கூலி பல மடங்கு ஏறியதே, அந்தச் சுமை யார் தலையில் விழுந்தது? சேவை முடங்கினால் சரக்கும் துறைமுகத்தில் நிற்கும்.

நாடு தப்பியது எப்படி?

இவ்வளவையும் கேட்ட பிறகு, இந்தியாவின் சேவை ஏற்றுமதி பாதியாகியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? உலகச் சேவை வணிகம் 2020-இல் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. இந்தியாவின் சேவை ஏற்றுமதியோ 21,300 கோடி டாலரிலிருந்து 2020-21-இல் 20,600 கோடி டாலருக்கு வந்தது. நூற்றுக்கு மூன்று, அவ்வளவுதான். இறக்குமதி அதைவிட அதிகம் குறைந்தது. ஆகவே சேவை வணிகத்தில் நாட்டுக்கு மிஞ்சிய உபரி 8,490 கோடி டாலரிலிருந்து 8,860 கோடி டாலராகக் கூடிவிட்டது!

என்ன காரணம்? கம்பி வழி. கணினித் துறையின் ஏற்றுமதி குறையவில்லை, சற்றுக் கூடியது. நாஸ்காம் கணக்குப்படி 2019-20-இல் 14,700 கோடி டாலர். மறு ஆண்டு 15,000 கோடி டாலர். ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யத் தடையாக இருந்த தொலைத்தொடர்பு விதிகளை அரசு அந்த மார்ச்சிலேயே தளர்த்தியது. 2020 ஜூனில் அமெரிக்க அதிபர் எச்-1பி விசாவில் புதிதாக வருபவர்களைத் தடுத்து ஆணையிட்டபோதுகூட வேலை நிற்கவில்லை. ஆள் போகவில்லை, அவர் செய்யும் வேலை போய்ச் சேர்ந்தது. உலகத்துக் கம்பெனிகள் எல்லாம் அலுவலகத்தை மூடிவிட்டுக் கணினிக்கு மாறியதால் அந்த வேலைக்குத் தேவையும் பெருகியது.

அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். 2024-25-இல் இந்தியாவின் சேவை ஏற்றுமதி சுமார் 38,700 கோடி டாலர். ஐந்து ஆண்டில் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல்! வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கையோ 2024-இலும் 2019-ஐத் தொடவில்லை.

ஆகவே சகோதரர்களே, நாட்டின் பேரேட்டில் ஒரு பக்கத்தில் விழுந்த நட்டத்தை மறு பக்கத்து லாபம் ஈடுகட்டிவிட்டது. கூட்டிக் கழித்துப் பார்த்தவர்கள் “பாதிப்பு இல்லை” என்று எழுதிவிட்டார்கள். ஆனால் நட்டம் அடைந்தவரும் லாபம் அடைந்தவரும் ஒரே ஆளா? மாமல்லபுரத்துச் சிற்பக் கடைக்காரரின் நட்டத்தைச் சென்னைக் கணினிக் கம்பெனியின் லாபம் ஈடுகட்டியது கணக்கில்தான்; அவர் வீட்டு அடுப்பில் அல்ல! விடுதி, வாகனம், பயணச்சீட்டு, உம்ரா சேவை, சமையல், வளைகுடா வேலை என்று நம் சமுதாயத்தின் பிழைப்பில் பெரும்பகுதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது? உடல் போகும் பக்கத்தில்! கம்பி வழியில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

பணம் வந்தது, யாரிடமிருந்து வந்தது?

“வெளிநாட்டிலிருந்து வரும் பணம் நின்றுவிடவில்லையே” என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 2020 ஏப்ரலில் உலக வங்கி, இந்தியாவுக்கு வரும் பணம் 23 விழுக்காடு விழும் என்று கணித்தது. ஆனால் 2019-இல் 8,330 கோடி டாலர் வந்த இடத்தில் 2020-இல் 8,310 கோடி டாலர் வந்தது. கணிப்பு பொய்த்தது.

குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது என்று அறிந்தவர்கள் தங்கள் வயிற்றைக் கட்டி அனுப்பினார்கள். வேலை இழந்து திரும்பியவர்கள் சேமிப்பையெல்லாம் மொத்தமாகக் கொண்டுவந்தார்கள். விமானம் இல்லாததால் கையில் கொடுத்தனுப்பும் வழி அடைபட்டு, பணம் வங்கி வழியாக வந்தது. இவையெல்லாம் காரணங்கள்.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2016-17-இல் இந்தியாவுக்கு வந்த இந்தப் பணத்தில் பாதிக்கு மேல் வளைகுடாவிலிருந்து வந்தது. 2020-21-இல் அது சுமார் 30 விழுக்காடாகக் குறைந்தது என்று ரிசர்வ் வங்கியின் ஆய்வு சொல்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தைப் பின்னுக்குத் தள்ளி அமெரிக்கா முதலிடத்துக்கு வந்தது. மொத்தம் குறையவில்லை, அனுப்பும் ஆள் மாறிவிட்டார். கொத்தனார் அனுப்பிய இடத்தில் கணினிப் பொறியாளர் அனுப்புகிறார். நாடு கவலைப்படவில்லை. நாம் கவலைப்பட வேண்டும்!

அக்கரையைப் பாருங்கள்

ஒற்றைக் காலில் நிற்பவனைத் தொற்றுநோய் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை சான்று. 2018-இல் அங்கு 23 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். நாட்டுக்கு சுமார் 440 கோடி டாலர் கிடைத்தது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு முதல் அடி. கொரோனா இரண்டாவது அடி. 2021-இல் வந்த பயணிகள் 2 லட்சத்துக்கும் குறைவு. வருமானம் சுமார் 50 கோடி டாலர். அங்கே மத்திய வங்கி டாலருக்கு ஒரு விலை கட்டிப் பிடித்து வைத்திருக்க, உண்டியல் சந்தையில் வேறு விலை ஓடியது. அதனால் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த பணமும் 2020-இல் 710 கோடி டாலரிலிருந்து 2021-இல் 550 கோடி டாலராக விழுந்தது. பழைய கடன், 2019-இன் வரிக் குறைப்பு, 2021-இன் இரசாயன உரத் தடை என்று ஆட்சியாளர்களின் தவறுகளும் சேர்ந்தன. 2022 ஏப்ரலில் வெளிக் கடனைக் கட்ட முடியாது என்று அந்த நாடு கைவிரித்தது. பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றதை நாம் பார்த்தோம்.

இந்தியா தப்பியதற்குக் காரணம் அதற்கு இன்னொரு கால் இருந்தது. நம் வீட்டுக்கும் நம் ஊருக்கும் அந்த இன்னொரு கால் இருக்கிறதா?

இது முதல் முறையும் இல்லை

பம்பாயில் 1896-இல் பிளேக் பரவியபோது, மறு ஆண்டு இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஹஜ் பயணிகள் கப்பலேறுவதை ஆங்கில அரசு தடுத்தது. செங்கடலில் கமரான் தீவில் ஹஜ் பயணிகளை நாள் கணக்கில் தனிமைப்படுத்தி வைத்த காலமும் உண்டு. 1994-இல் சூரத்தில் பிளேக் வந்தபோது வளைகுடா நாடுகள் பல இந்திய விமானங்களை நிறுத்தின. அது சில வாரங்களில் அடங்கிய நோய். 2020-இல் வந்ததோ ஆண்டுக்கணக்கில் நீடித்து, 2023 மே மாதம்தான் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை விலக்கிக்கொண்டது. அடுத்தது எப்போது வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். வராது என்று எண்ணியிருப்பது அறிவுடைமை ஆகாது.

என்ன செய்ய வேண்டும்?

இளைஞர்களே! வளைகுடாவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எயிற்பட்டினம் என்று சிறுபாணாற்றுப்படை சொல்வதும், சோபட்மா என்று கிரேக்க மாலுமியின் குறிப்பு சொல்வதும் இந்த மரக்காணத்தைத்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கடல் தாண்டிப் பிழைத்த கரை இது. போங்கள், ஆனால் கையில் ஒரு தொழிலாவது உடல் போகாமலும் விற்கக் கூடியதாக இருக்கட்டும். கணக்கு எழுதுதல், வரைபடம், வடிவமைப்பு, மருத்துவக் குறியீடு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் ஒன்றையாவது கற்றுக்கொள்ளுங்கள். அரபுக் கல்லூரியில் ஏழாண்டு ஓதிய இளைஞருக்குத் தன் கையில் இருப்பது எவ்வளவு பெரிய வணிக மூலதனம் என்பது தெரிவதில்லை. ஓமான், ஏமன் நோயாளிகள் சென்னைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அரபு பேசும் ஆள் வேண்டும். நேரில் வராத நாளில் தொலைபேசியிலும் காணொளியிலும் வேண்டும். இவற்றோடு நல்ல ஆங்கிலமும் கணினியும் சேர்ந்தால் கதவு திறக்கும். ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். இன்று செயற்கை நுண்ணறிவு வந்து கம்பி வழி வேலைகளிலும் எளிதானவற்றைப் பறிக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே அரைகுறையாகக் கற்றால் போதாது; ஆழமாகக் கற்க வேண்டும்.

இப்படி வெளிநாட்டுக்கு வேலை செய்து கொடுப்பவர், பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். சேவை ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தில் வரி விகிதம் பூஜ்ஜியம். பதிவு செய்தவர் ஆண்டுதோறும் ஓர் உறுதிப் பத்திரம் கொடுத்தால் வரி கட்டாமலேயே ஏற்றுமதி செய்யலாம். இதைத் தெரியாமல் வரியையும் கட்டி, உண்டியலையும் நம்பி ஏமாறுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

வணிகர்களே! உங்கள் சேவையைக் குவித்து வைக்க முடியாது. அதில் வந்த பணத்தைக் குவித்து வைக்கலாம். செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைப் பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளுக்கு யூசுஃப் நபி சேமித்து வைத்த வரலாறு நமக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? நல்ல பருவத்தில் வந்த லாபத்தை எல்லாம் வீட்டுச் சுவரிலும் திருமணப் பந்தலிலும் போட்டுவிட்டு, ஆறு மாத வாடகைக்கும் சம்பளத்துக்கும் கையிருப்பு இல்லாமல் தவித்தவர்கள் எத்தனை பேர்! ஒப்பந்தம் எழுதும்போது, தொற்றுநோயால் அரசு தடை விதித்தால் முன்பணம் என்ன ஆகும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். வெளிநாட்டுப் பயணியை மட்டும் நம்பிக் கடை வைக்காதீர்கள். ஊரடங்கு தளர்ந்ததும் இந்தச் சாலைக்கு முதலில் திரும்பி வந்தவர்கள் சென்னையிலிருந்து வார இறுதிக்கு வந்த குடும்பங்கள்தான்.

ஜமாஅத் நிர்வாகிகளே! உங்கள் மஹல்லாவிலிருந்து யார், எந்த நாட்டில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று ஒரு பதிவேடு உண்டா? திரும்பி வந்தவர் கிரேன் ஓட்டியா, ஏசி மெக்கானிக்கா, சமையல்காரரா என்று எழுதி வைத்தால்தானே இங்கேயே வேலை சொல்ல முடியும்? பைத்துல்மாலில் திரும்பி வருவோருக்கென்று ஒரு பகுதியை வட்டியில்லாக் கடனுக்காக ஒதுக்கக் கூடாதா?

நம் கோரிக்கை

இறுதியாக அரசிடம் கேட்க வேண்டியது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை என்பதை ஏற்று, உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. நியாயமான திட்டங்கள், தொகை கூட வேண்டும் என்பதே நம் கருத்து. வேலை செய்ய ஆயத்தமாக இருப்பவனைக் காலமோ சட்டமோ தடுத்தால் அவன் வயிற்றுக்கு அரசு பொறுப்பு என்ற கொள்கை இந்தக் கடற்கரையில் ஏற்கப்பட்டுவிட்டது. அப்படியானால் தொற்றுநோய்க் காலத்தில் அரசே ஆணையிட்டு மூடிய விடுதியின் தொழிலாளிக்கும், வாடகைக் கார் ஓட்டுநருக்கும், சுற்றுலா வழிகாட்டிக்கும் அதே கொள்கை ஏன் பொருந்தாது? அடுத்த நோய் வந்த பிறகு கையேந்தி நிற்காமல் இப்போதே அதற்கு ஒரு நிதியும் பதிவும் வேண்டும் என்று கேட்போம்.

இரண்டாவது, வெளிநாட்டில் உழைப்போர். கேரளம் 1996-லேயே இவர்களுக்கென்று நார்க்கா என்ற தனித் துறை அமைத்தது. தமிழகத்தில் 2011-இல் சட்டம் வந்தும், வாரியம் உருப்பெறப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மத்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா திட்டத்தில் குறைந்த கட்டணத்தில் 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு இருக்கிறது. ஆனால் அது விபத்துக்கும் உயிரிழப்புக்கும் ஆனது. வேலை போனதற்கும் சம்பளம் வராததற்கும் ஆனதல்ல. திரும்பி வரும் ஒவ்வொருவரின் சம்பளப் பாக்கியையும் விமான நிலையத்திலேயே எழுதி வாங்கித் தூதரகம் வழியாக வசூலிக்க ஓர் ஏற்பாடு வேண்டும். நாட்டின் கருவூலத்துக்கு டாலர் கொண்டுவந்தவன் தன் கூலியைக் கேட்பது பிச்சை அல்ல; உரிமை!

அன்புச் சகோதரர்களே! தொற்றுநோய் ஒரு நாட்டின் சேவை வணிகத்தை முழுவதும் அழிப்பதில்லை. அதை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி நிற்கிறது. மறு பாதி ஓடுகிறது. நாம் இன்று பெரும்பாலும் நிற்கும் பாதியில் இருக்கிறோம். ஓடும் பாதியிலும் நம் பிள்ளைகள் ஒரு காலை ஊன்ற வேண்டும். நிற்கும் பாதியில் இருப்பவர்களுக்கு நல்ல காலத்திலேயே பாதுகாப்புக் கட்ட வேண்டும். இரண்டையும் வெயில் அடிக்கும்போதே செய்ய வேண்டும். மழை இறங்கிய பிறகு யாரும் உப்பு வாருவதில்லை. இது மரக்காணத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல உழைப்பையும் அதில் பரக்கத்தையும் தருவானாக! வஸ்ஸலாம்.